பாதித் தலை மெஷினுக்கு, பாதித் தலை எனக்கு

தலைமுடி நடுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு ஆட்களின் முகம் ஞாபகத்தில் நிற்காது, உச்சந்தலைதான் நிற்கும். மாவனல்லைச் சந்தையில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், அவர் குனிந்து காய்கறிப் பையைத் தூக்கும்வரை ஆள் யாரென்று தெரியாமல் விழிப்பேன். குனிந்தவுடன் தெரிந்துவிடும்: "ஓ, நட்டு மூன்று மாசமான நம்ம ஆள்!"

கண்டி வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் கிளினிக். டொக்டர் ரிஸ்வான் பின்தலையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுப்பார். நானும் குமாரி அக்காவும் அந்த வேர்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தரம் பிரித்து, டொக்டர் முன்தலையில் போட்டுத் தரும் துளைகளில் இடுக்கியால் நடுவோம். குமாரி அக்கா சிங்களவர். நான் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்களுக்குள் பேச்சு பாதி அந்தப் பாஷை, பாதி இந்தப் பாஷை.

போன வருஷம் ஒரு கொம்பனி மூன்று சாமான்களை எங்களிடம் பரீட்சைக்கு விட்டுப் போனது. தலையைப் படம் பிடித்து முடியை எண்ணும் ஒரு கெமரா. வேரைத் தானே தோண்டி எடுக்கும் ஓர் இயந்திரக் கை. அழுத்தினால் வேரைத் துளைக்குள் இறக்கிவிடும் ஒரு பேனா. ஒரு வருஷம் பாவித்துப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று அறிக்கை எழுதும் வேலையை டொக்டர் என்னிடம் கொடுத்தார். "புகழவும் வேணாம், பயத்தில திட்டவும் வேணாம். கண்டத எழுதுங்க" என்றார். வங்கியிலோ, தபால் கந்தோரிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ உங்கள் மேசையிலும் ஒரு நாள் இப்படி ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கும். பக்கத்தில் ஒருவர் டை கட்டிக்கொண்டு நின்று, "இது உங்க வேலையை லேசாக்கும்" என்று சொல்லியிருப்பார். அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி.

எண்ணெய்த் தலை

கெமராவுக்கு முதலில் அகப்பட்டவர் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லொறி டிரைவர். முன்தலை வெறும் தரை. பின்தலையில் காடு மாதிரி முடி. நடுவதற்கு முடி எடுப்பதே பின்தலையிலிருந்துதான் என்பதால், அவரைப் பார்த்ததும் எங்களுக்குச் சந்தோஷம். கெமராவைப் பின்தலையில் வைத்தேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: இந்த இடத்தில் முடி மிகக் குறைவு, எடுப்பது உகந்ததல்ல. இரண்டு தரம் வைத்தேன். இரண்டு தரமும் அதே சிவப்பு.

கொம்பனியிலிருந்து வந்திருந்த பிரதீபன் திரையைத் துடைத்துப் பார்த்தார். நான் மனிதரின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். கை வழுக்கியது. டொக்டரிடம் போகிறோமே, மரியாதையாகப் போகவேண்டும் என்று வீட்டில் அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயை வைத்துப் படிய வாரி அனுப்பியிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் மினுங்க, கெமரா அந்த மினுக்கத்தை வழுக்கை என்று எண்ணிவிட்டது. ஷாம்பு போட்டு மூன்று தரம் கழுவினோம். பிறகு அதே கெமரா, "மிகச் சிறந்தது" என்று பச்சையில் எழுதியது. விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு முடி இருக்கா இல்லையான்னு அதுகிட்ட ஏன் கேக்குறீங்க மிஸ்? எங்க வீட்டுல தலகாணி உறை தொவைக்கிறவகிட்ட கேளுங்க, அவ சொல்லுவா!"

ரம்புட்டானின் மதிப்பெண்

அது ரம்புட்டான் காலம். குமாரி அக்கா வரக்காப்பொலயில் பஸ் மாறும்போது ஒரு கொத்து வாங்கி வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்க, அவர் ஒரு பழத்தைத் துணிமேல் வைத்து, கெமராவை அதன்மேல் பிடித்தார். கெமரா கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு சதுர சென்றிமீட்டருக்கு இத்தனை முடி, தடிப்பு நல்லது, முடி எடுக்க உகந்த இடம் என்று வரிசையாகச் சொல்லியது.

அந்த நேரம் பார்த்து டொக்டரும் பிரதீபனும் உள்ளே வந்தார்கள். பிரதீபனின் முகம் பழத்தைப் போலவே சிவந்தது. டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாலினி, இதையும் எழுதிக்கொள்ளுங்க, திகதியோட" என்றார். குமாரி அக்கா பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, முடி நிறைந்த தோலைக் காட்டித் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "டொக்டர், இவருக்கு ஒபரேஷன் தேவையில்ல."

சாயம்

இயந்திரக் கைக்கு ஒரு பலவீனம் இருந்தது. அதன் கண்ணுக்கு வெள்ளை முடி தெரியாது. தோலும் வெள்ளையாய்த் தெரிய, முடியும் வெள்ளையாய்த் தெரிய, அது எதைத் தோண்டுவதென்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். அப்படியான தலைக்கு முதல்நாளே கறுப்புச் சாயம் பூசவேண்டும் என்று கொம்பனிப் புத்தகத்தில் போட்டிருந்தது.

இரத்தினபுரியிலிருந்து ஒரு ஹாஜியார் வந்தார். மாணிக்கக் கல் வியாபாரி. அறுபது தாண்டிய வயது, பஞ்சு மாதிரி வெள்ளைத் தலை. முன்னால் கொஞ்சம் நிரப்பினால் போதும் என்றார். நான் சாயத்தைப் பற்றி மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கும் சிறு கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய தொழிலும் என் தொழிலும் ஒரே மாதிரி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற தொழில்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டொக்டர் அவருக்குக் கையாலேயே செய்துகொடுத்தார். நானும் வெள்ளை வேர்களைக் கறுப்புத் துணிமேல் போட்டுப் பிரித்தேன். போகும்போது இயந்திரக் கையை ஒரு தரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மகள், சாயம் பூசினாத்தான் தெரியும் எண்டு செல்ற ஆளுக்கிட்ட நான் கல்லையே காட்டமாட்டன், தலையக் காட்டுவனா?"

நடுவழி

ஒரு நாள் பகல் மழை அடித்துக் கொட்டியது. கரண்ட் போகவில்லை, ஆனால் பல்ப் மங்கி மங்கி எரிந்தது. இயந்திரக் கைக்கு அந்த மங்கல் பிடிக்காது. பாதி வேலையில் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்று, ஆங்கிலத்தில் ஒரு பெண் குரலில் மன்னிப்புக் கேட்டது. திரும்ப ஓட வைக்க முதலிலிருந்து அளவெடுக்கவேண்டும். அதற்கு முக்கால் மணித்தியாலம் போகும். குப்புறப் படுத்திருந்தவர் கேகாலை டிப்போவில் வேலை செய்யும் பஸ் டிரைவர். நாங்கள் மூவரும் மெஷினைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதை, தலை தூக்காமலேயே அவர் விளங்கிக்கொண்டார். கீழேயிருந்து குரல் வந்தது: "நடுவழியில பஸ் நின்னா நாங்க சனங்கள வேற பஸ்ல ஏத்தி அனுப்பிருவோம் டொக்டர். என்னை எதுல ஏத்தப் போறீங்க?"

பாடம் படிக்கும் கை

சிரிக்க முடியாத நாளும் இருந்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல சுருட்டை முடி. சுருட்டை முடிக்குத் தோலுக்கு மேலே இருக்கும் வளைவு தோலுக்குக் கீழேயும் இருக்கும். வேர் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கும். டொக்டர் கையால் எடுக்கும்போது அந்தத் திருப்பத்தை உணர்ந்து மணிக்கட்டைத் திருப்புவார். இயந்திரக் கை நேராக இறங்கியது. முதலில் வந்த இருபது வேரைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். பன்னிரண்டு, வேர் பாதியில் அறுந்தவை. அறுந்த வேரை நட்டால் முளைக்காது. எடுத்த இடத்திலும் திரும்ப வளரும் என்று நம்ப முடியாது. ஒரு மனிதனுக்கு எடுக்கக்கூடிய முடி ஓர் அளவுக்குத்தான் உண்டு.

பிரதீபன் பக்கத்தில் நின்று, "இது இன்னும் ஐம்பது அறுபது எடுத்தா தானாவே பழகிக்கொள்ளும், விடுங்க" என்றார். டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் நான் ஒபரேஷன் நடுவில் டொக்டருக்குக் குறுக்கே பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "டொக்டர், நிப்பாட்டுங்க. பாதிக்கு மேல அறுந்து வருது." குரல் எனக்கே உரத்துக் கேட்டது. டொக்டர் எழுந்து வந்து கண்ணாடியில் குனிந்து பார்த்தார். மெஷினை அணைத்துவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பிரதீபனுக்கு முகம் வாடிப்போனது. "ஒரு மெஷினுக்குப் பழகச் சந்தர்ப்பம் குடுக்கணுமே" என்று என்னிடம் முணுமுணுத்தார். ஆசிரியருக்கு எல்லாம் கேட்டிருந்தது. டொக்டர் அவருக்கு நடந்ததை மறைக்காமல் சொன்னார். எத்தனை வேர் வீணானது என்பதையும் சொன்னார். பிறகு குப்புறப் படுத்தபடியே ஆசிரியர் சொன்னார்: "நான் படிப்பிக்கிறவன் சார், கத்துக்கிறவங்கள எனக்குப் பிடிக்கும், ஆனா என் தலையில வேணாம்."

வகிடு

சரோஜா அக்கா ரப்பர் ஸ்டோரில் வேலை செய்பவர். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக அழுத்தி எடுக்கும் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவிழ்ந்த கூந்தல் தகடு அழுத்தும் ரோலரில் அகப்பட்டு, வலது நெற்றியிலிருந்து காது வரை தோலோடு போய்விட்டது. உயிர் தப்பியது. அந்த இடத்தில் ஒட்டுப் போட்ட தோல் மட்டும் பளபளவென்று இருந்தது. அன்றிலிருந்து தலையில் துவாய் கட்டாமல் அவர் வாசலுக்கு வந்ததில்லை. இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தார். என்ன செய்யவேண்டும் என்று டொக்டர் கேட்டதற்கு, "நடுவுல வகிடு எடுத்து சீவணும் சார். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

இயந்திரக் கையின் கம்பியூட்டர் முதலில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னது. வழுக்கை எந்த வகை என்று ஏழு படம் காட்டியது; ஏழும் ஆம்பிளைத் தலை. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. பிரதீபன் மூன்றாவதைத் தொட்டார். திரையில் சரோஜா அக்காவின் படத்தின்மேல், இரண்டு பக்கமும் ஏறிய நெற்றியோடு ஒரு முடிக்கோடு வந்து விழுந்தது. அவர் எட்டிப் பார்த்து, "இது யாரு மிஸ்?" என்று கேட்டார். "நீங்கதான் அக்கா" என்றேன். "மீசையும் வெச்சிருவாங்களோ?" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு, நட்டது பிடிக்குமோ தெரியாது என்று டொக்டர் விளக்கினார். முதலில் ஐம்பது வேர் மட்டும் நட்டுவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தோம். அந்த ஐந்து மாதமும், எங்கள் குடும்பத்து ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல எனக்கு இருந்தது. ஐம்பதில் முப்பத்தொன்று பிடித்திருந்தது. பிறகு இரண்டு தடவையாக மீதியை நட்டோம், எல்லாம் கையால். இந்தச் சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்தின வாரம் அவர் வந்தார், துவாய் இல்லாமல். வலது பக்கம் இன்னும் கட்டை முடிதான், ஆனால் நடுவில் வகிடு இருந்தது. எப்படி இருக்கு அக்கா என்று கேட்டேன். சலித்துக்கொள்வதுபோல் உதட்டைச் சுழித்தார், கண் சிரித்தது: "ஸ்டோருக்குள்ள போறப்ப மறுபடியும் முடிய இழுத்துக் கட்டி தொப்பிக்குள்ள தள்ள வேண்டியிருக்கு மிஸ், பெரிய தொல்லை!"

கோணல் கண்ணாடி

பேனாவைச் சோதிக்க டொக்டர் ஒரு வழி சொன்னார்: ஒரே தலையில் இடது பக்கம் பேனாவால், வலது பக்கம் இடுக்கியால் நடுவது, பத்து மாதம் கழித்து எந்தப் பக்கம் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. வரக்காப்பொல சந்தைக்குப் பக்கத்தில் த்ரீவீல் ஓட்டும் சிவா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். காலையில் குமாரி அக்கா பேனாவால் இடது பக்கத்தை முடித்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து நான் வலது பக்கத்தை நட்டேன். என் கைமேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பேனா எங்கே, நான் எங்கே என்று நினைத்துக்கொண்டுதான் நட்டேன்.

பத்து மாதம் கழித்து சிவா வந்தார். கெமராவை நம்பாமல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நானே எண்ணினேன். வலது பக்கம் குறைவு. திரும்ப எண்ணினேன். மூன்றாம் தரமும் எண்ணினேன். குறைவுதான், கொஞ்சநஞ்சம் இல்லை. வெளிச்சத்தில் நின்றால் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. காது இரண்டும் சுட்டது. குமாரி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "அனே தங்கச்சி, ரெண்டும் சமம்னு எழுது. ரம்புட்டானுக்கு மார்க்ஸ் போட்ட கூட்டம்தானே இது, அவங்களுக்கு யார் உண்மை சொல்லணும்?" என்று காதோடு சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை.

பேனா நல்லது என்று எழுதினால் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை இருக்குமோ என்ற பயம் வேறு. பழைய புத்தகத்தைப் புரட்டினேன். அன்றைக்கு நானே எழுதி வைத்திருந்தேன்: என் பக்கத்து வேர்கள் நாங்கள் சாப்பிட்டு வரும்வரை தட்டில் கிடந்திருக்கின்றன, ஐஸ் கரைந்திருக்கிறது. வாடிய வேரைத்தான் அவ்வளவு கர்வத்தோடு நட்டிருக்கிறேன். எண்ணிக்கையையும் காரணத்தையும் அப்படியே எழுதினேன். பிறகு சிவாவிடம் போய், வலது பக்கம் நான் நட்டது, என் பிழையால்தான் குறைந்திருக்கிறது, திரும்ப நட்டு நிரப்பித் தருகிறோம் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியில் ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரிய பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டார்: "நல்லவேளை சொன்னீங்க மிஸ். நான் இத்தன நாளா வண்டிக் கண்ணாடிதான் கோணல்னு அதத் திருப்பித் திருப்பி வெச்சுக்கிட்டிருந்தேன்!"

நாலாவது ஆள்

அறிக்கையைக் கொடுப்பதற்கு முன்னால், சிவாவைப் போலவே பாதிப் பாதியாக நட்ட இன்னும் இரண்டு பேரின் கணக்கும் வந்தது. அவர்களுக்கு இரண்டு பக்கமும் காலையிலேயே நட்டிருந்தோம். பேனாவும் இடுக்கியும் சரிசமமாக இருந்தன. அதையும் எழுதினேன். டொக்டர் முழுவதையும் வாசித்தார். சிவாவைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். "இத எழுதினதாலதான் மத்தது எல்லாத்தையும் நம்பலாம்" என்று மட்டும் சொன்னார். எடுத்த வேரை மத்தியானம் தாண்டி வைத்திருக்கக்கூடாது என்ற விதி அன்றிலிருந்து சுவரில் ஒட்டியிருக்கிறது. இயந்திரக் கையைத் திருப்பி அனுப்புவது, எண்ணெய் கழுவிய தலைக்கு மட்டும் கெமராவைப் பாவிப்பது, பேனாவை வைத்துக்கொள்வது என்று முடிவானது.

பிரதீபன் வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டித் தானே பெட்டிக்குள் வைத்தார். என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். ஆனால் போகும்முன் வந்து, சுருட்டை முடி ஆசிரியரைப் பற்றி எழுதிய பக்கத்தைப் பிரதி எடுத்துக் கேட்டார். மெஷின் செய்கிறவர்களுக்கு அனுப்பப்போகிறாராம். அடுத்த வாரமே ஒரு சங்கடம் தெரிந்தது. பேனா வேகமாகத்தான் நடுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் வாயில் வேரை யாராவது கையால் வைத்துக் கொடுக்கவேண்டும். நானும் குமாரி அக்காவும் அதன் வேகத்துக்கு வைத்துக்கொடுக்க முடியாமல் திணறினோம். கடைசியில் டொக்டர் ஆள் தேவை என்று விளம்பரம் போட்டார். அதைக் கதவில் ஒட்டும்போது குமாரி அக்கா என் காதில் சொன்னார்: "பாத்தியா தங்கச்சி, மூணு பேர் வேலையை ஒரு ஆளா செய்ய வந்தவருக்கு ஊட்டிவிட நாலாவது ஆள் வேணுமாம்!"

இப்படியாக, ஒரு வருஷம் ஊரார் தலையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்ததில் தலைமுடிக்கு மூன்று மெஷின் வந்து ஒன்று திரும்பிப் போய்விட்டது, என் கழுத்து வலிக்குத்தான் இன்னும் ஒரு கொம்பனியும் பரீட்சைக்குக்கூட ஒன்றும் கொண்டுவரவில்லை.